அடிமை என்கிறோம், ஆண்டை யார்?

அக்கா வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் அன்று விடுப்புக் கிடைக்கவில்லை. அவள் மகளின் பள்ளியில் நடந்த பெற்றோர் கூட்டத்துக்கு அவளுக்குப் பதிலாக நான் போனேன். பதினொன்றாம் வகுப்பு மாணவிகளின் பெற்றோருக்கான கூட்டம். அரங்கு நிறைய அம்மாக்கள். அப்பாக்களை ஒரு கை விரல்விட்டு எண்ணிவிடலாம். மருத்துவர் ஒருவர் வந்திருந்தார். திரையில் மூளையின் படம் ஒன்றைக் காட்டினார். சாம்பல் நிற மூளையில் அங்கங்கே சிவப்பும் மஞ்சளுமாகத் திட்டுகள். இணையத்துக்கு அடிமையான பதின்பருவத்தினரின் மூளையில் சில பகுதிகளுக்கு இடையிலான தொடர்பு குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன என்றார். நிதானமாக, அளவோடுதான் பேசினார். ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்று அவர் பிரிக்கவில்லை.

அவர் இறங்கியதும் பள்ளியின் சார்பில் ஒருவர் மைக்கை வாங்கினார். “அம்மாமாருங்கதான் கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாத்துக்கணும். வயசுப் பொண்ணு கையில போன் இருந்தா மூளையும் போகும், மானமும் போகும்” என்றார். கூட்டம் தலையாட்டியது. மூளை பற்றிய அரைமணி நேரப் பேச்சு ஒரே வாக்கியத்தில் மானத்தில் வந்து நின்றது.

நான் வீட்டுக்கு வந்து அக்காவிடம் கேட்டதையெல்லாம் சொன்னேன். கொஞ்சம் கூட்டியே சொல்லியிருப்பேன். அன்றிரவே மகளின் போன் பீரோவுக்குள் போனது. சாவி அத்தானின் சட்டைப் பையில். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகன் அதே கூடத்தில் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு இரவு ஒரு மணி வரை விளையாடிக்கொண்டிருந்தான். அவன் போனைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்தப் பூட்டில் என் கையும் இருந்தது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு வாரம் கழித்துப் போனபோது அவள் என்னிடம் இரண்டு விஷயங்கள் சொன்னாள். முதலாவது: “ஏன் சித்தி, என் மூளை மட்டும்தான் கெட்டுப்போகுமா? அண்ணன் மூளைக்கு ஒண்ணும் ஆகாதா?” எனக்குப் பதில் இல்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, குரலைத் தாழ்த்தி இரண்டாவதைச் சொன்னாள்: “ஆனா சித்தி, என்னால நிறுத்த முடியலங்கறதும் நிசந்தான். ராத்திரி ரெண்டு மணிக்குக் கண்ணு எரியும். போதும்னு தோணும். அப்பவும் வெரலு அதுபாட்டுக்குத் தள்ளிக்கிட்டே இருக்கும்.”

பெண் என்பதால் மட்டும் தன் போன் பறிக்கப்பட்டது என்கிறாள். தன்னை மீறி ஏதோ நடந்தது என்றும் சொல்கிறாள். முதல் வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஆணாதிக்கத்தைத் திட்டிவிட்டுப் போவது நமக்கு எளிது. இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டு பூட்டை நியாயப்படுத்துவது பள்ளிக்கும் வீட்டுக்கும் எளிது. இரண்டும் உண்மையாக இருக்கும்போது நாம் என்ன செய்யக் கடமைப்பட்டிருக்கிறோம் என்பதுதான் கடினமான கேள்வி.

*

முதலில் அந்தப் படத்துக்கு வருவோம். 2024 ஜூன் மாதம் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒரு தொகுப்பாய்வை வெளியிட்டார்கள். அதுவரை வந்திருந்த மூளைப்பட ஆய்வுகளில் 12ஐ எடுத்துக்கொண்டு, இணைய அடிமைத்தனம் இருப்பதாகக் கண்டறியப்பட்ட 10 முதல் 19 வயது வரையிலான 237 பேரின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஆய்வுகள் ஆசிய நாடுகளில், பெரும்பாலும் சீனாவிலும் கொரியாவிலும் நடந்தவை. முடிவெடுப்பது, ஆசையை அடக்குவது, வேலையில் மனத்தை நிறுத்துவது ஆகியவற்றோடு தொடர்புள்ள பகுதிகளின் வலைப்பின்னலில் இணைப்பு மொத்தத்தில் குறைந்திருந்தது. எதையும் செய்யாமல் ஓய்ந்திருக்கும்போது, நம்மைப் பற்றியே நாம் யோசிக்கும்போது இயங்கும் இன்னொரு வலைப்பின்னல் உண்டு. அதில் சில இடங்களில் இணைப்பு கூடியும் சில இடங்களில் குறைந்தும் இருந்தது.

இதைப் பொய்யென்று தள்ள முடியாது. ஆனால் இதற்கு எவ்வளவு எடை தரலாம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். எஃப்எம்ஆர்ஐ கருவி எண்ணங்களைப் படம் பிடிப்பதில்லை. மூளையில் வேலை செய்யும் பகுதிக்குக் கூடுதல் இரத்தம் பாய்கிறது. அந்த இரத்தத்தின் ஆக்சிஜன் அளவு மாறுவதை அது அளக்கிறது. இரண்டு பகுதிகளில் இந்த ஏற்ற இறக்கம் ஒரே தாளத்தில் நடந்தால் அவை இணைந்து இயங்குவதாகக் கணக்கிடுகிறார்கள். திரையில் நாங்கள் பார்த்த சிவப்பும் மஞ்சளும் மூளையின் நிறமல்ல. கணக்குக்குப் பூசிய வண்ணம். அதைவிட முக்கியமானது, எது முதலில் வந்தது என்பதை இத்தகைய படம் சொல்லாது. ஓயாத போனால் இணைப்பு குறைந்ததா, ஏற்கெனவே அப்படி இருந்த பிள்ளைகள் போனிடம் அதிகம் போனார்களா, இரண்டுக்கும் பின்னால் தனிமையோ மனச்சோர்வோ இருந்ததா என்பதை ஒருமுறை எடுத்த படத்திலிருந்து பிரித்தறிய முடியாது.

ஆனாலும் பதின்பருவத்து மூளை பெரியவர்களின் மூளையிலிருந்து வேறுபட்டது என்பதில் சந்தேகமில்லை. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணி, நிறுத்து, யோசி என்று சொல்லும் பகுதி, இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டிருக்கிறது. இன்பத்தையும் அங்கீகாரத்தையும் தேடும் பகுதியோ அதற்கு முன்பே சுறுசுறுப்பாகிவிடுகிறது. அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் நடந்து 2016இல் வெளியான ஆய்வு ஒன்றில், 13 முதல் 18 வயது வரையிலான 32 பேருக்கு அவர்கள் கொடுத்த படங்களையே லைக் எண்ணிக்கையோடு காட்டினார்கள். அந்த எண்ணிக்கை ஆய்வாளர்களே இட்டது. தன் படத்துக்கு நிறைய லைக் என்று கண்டபோது மூளையின் வெகுமதிப் பகுதி கூடுதலாகத் துடித்தது. மற்றவர்களின் படங்களில், ஏற்கெனவே நிறைய லைக் வாங்கிய படத்துக்கே தானும் லைக் போடும் போக்கு இருந்தது. ஆக, என் அக்கா மகளின் விரல் “அதுபாட்டுக்கு” போனது என்பது சாக்கு அல்ல.

*

தமிழில் நாம் இதற்குப் பயன்படுத்தும் சொல்லைக் கவனியுங்கள். குடிக்கு அடிமை, சூதுக்கு அடிமை, போனுக்கு அடிமை. வேறு பல மொழிகளில் இந்த நிலைக்குத் தனிச்சொல் உண்டு. நாமோ மனிதர் மனிதரை உடைமையாக வைத்திருந்த கொடுமையின் பெயரையே இதற்கும் வைத்திருக்கிறோம். பெரியார் தன் நூலுக்கு ‘பெண் ஏன் அடிமையானாள்?’ என்று பெயர் வைத்தபோது அந்தச் சொல் ஒரு கேள்விக்குள் நின்றது. ஏன், யாரால் என்று அது கேட்டது. ‘போன் அடிமை’ என்று பிள்ளையைச் சொல்லும்போது அந்தக் கேள்வி உதிர்ந்துவிடுகிறது. அடிமை என்று ஒருத்தி இருந்தால் ஆண்டை என்று ஒருவன் இருக்க வேண்டும். வயலில் வேலை செய்தவர்களின் பிள்ளைகளுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் இந்த விஷயத்தில் மட்டும் அடிமையின் மூளையைப் படம் பிடித்துப் பார்க்கிறோம். ஆண்டையின் கணக்குப் புத்தகத்தைத் திறப்பதில்லை.

‘இணைய அடிமைத்தனம்’ என்ற நோய்ப்பெயரின் பிறப்பே விசித்திரமானது. 1995இல் ஐவன் கோல்ட்பர்க் என்ற நியூயார்க் மனநல மருத்துவர், மருத்துவக் கையேடுகள் எல்லாவற்றையும் நோயாக்குவதைக் கிண்டல் செய்ய இப்படியொரு நோயைக் கற்பனையாக எழுதிப் போட்டார். அடுத்த ஆண்டே உளவியலாளர் கிம்பர்லி யங் அதை உண்மையான சிக்கலாக எடுத்துக்கொண்டு ஆய்வு வெளியிட்டார். அவர் எழுதிய தொடக்ககால நோயாளி விவரங்களில் ஒன்று 43 வயது இல்லத்தரசியுடையது. கணினி ஆர்வலர் இல்லை. வேறெந்த அடிமைப் பழக்கமோ மனநோயோ முன்பு இருந்ததில்லை. மனநிறைவான குடும்பம் என்றே சொல்லப்பட்டவர். இணைய அரட்டையில் மூழ்கியதால் அவருடைய குடும்ப வாழ்க்கை குலைந்தது என்பதே பாதிப்பு.

அந்தப் பெண் துன்பப்படவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு பெண்ணின் பழக்கம் நோயாக எண்ணப்படும் இடம் எது என்று பாருங்கள். வீட்டில் அவள் செய்ய வேண்டியது நின்றுபோகும் இடம் அது. இரவு முழுக்க அலுவலகக் கணினி முன் உட்கார்ந்திருக்கும் ஆணின் குடும்ப வாழ்க்கை குலைந்தால் அதற்கு உழைப்பு என்று பெயர். இன்றும் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் ‘இணைய அடிமைத்தனம்’ இல்லை. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பட்டியலில் இருப்பது விளையாட்டுக் கோளாறு, அதாவது மின்னணு விளையாட்டுகளில் கட்டுப்பாடிழப்பது. எங்கள் வீட்டில் அந்தப் பட்டியலுக்கு நெருக்கமாக இருந்தது மகன். போன் பறிபோனது மகளுக்கு.

நோய்ப்பெயர் கையில் கிடைத்தால் பெரியவர்களால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்குச் சீனாவின் லின்யீ நகரம் சாட்சி. இணையத்துக்கு அடிமையானவர்கள் என்று பெற்றோரே கொண்டுவந்து விட்ட பதின்பருவத்தினருக்கு அங்கே ஒரு மருத்துவமனையில் மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். 2009இல் சீனச் சுகாதார அமைச்சகம் தலையிட்டு அதை நிறுத்தச் சொன்னது. அந்தப் பெற்றோர்கள் பிள்ளைகளை வெறுத்தவர்கள் அல்ல. பயந்தவர்கள்.

பெண்ணின் மூளையைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக் கதவைச் சாத்துவதும் புதிதல்ல. 1873இல் அமெரிக்காவின் ஹார்வர்டில் மருத்துவப் பேராசிரியராக இருந்த எட்வர்ட் கிளார்க் ஒரு புத்தகம் எழுதினார். பருவ வயதில் பெண்கள் ஆண்களைப் போலப் படித்தால் உடலின் ஆற்றல் மூளைக்குப் போய்விடும், கருப்பை வளராது, நோயாளிகளாவார்கள் என்பது அவர் வாதம். அறிவியலின் பெயரால் சொன்னதால் அது வேகமாகப் பரவியது. மேரி புட்னம் ஜேக்கபி என்ற மருத்துவர் பெண்களிடமே கேள்விகள் அனுப்பி, அவர்களின் மாதவிடாய், வேலை, படிப்பு, உடல்நிலை பற்றிய பதில்களைத் திரட்டி, உடல் அளவீடுகளையும் சேர்த்து, மாதவிடாயின்போது மூளை உழைப்பிலிருந்து கட்டாய ஓய்வு தேவையில்லை என்று காட்டினார். 1876இல் அந்தக் கட்டுரைக்கு ஹார்வர்டின் பரிசே கிடைத்தது. நம் ஊரில் வாதம் இன்னும் சுருக்கமாக இருந்தது: பெண்ணுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் காதல் கடிதம் எழுதுவாள். போன் வந்தபின் அந்த வாக்கியத்தில் கடிதம் என்ற சொல் மட்டும் மாறியது. 2016இல் குஜராத்தின் மெஹ்சானா மாவட்டத்தில் ஒரு கிராமப் பஞ்சாயத்து திருமணமாகாத பெண்கள் செல்போன் வைத்திருக்கத் தடை விதித்தது. 2019இல் அதே மாநிலத்தின் பனஸ்காந்தா மாவட்டத்தில் 12 கிராமங்களில் ஒரு சாதிச் சமூகம் அதே தடையைப் போட்டது. பெண்களின் படிப்பு கெடுகிறது என்பதும் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியப் பெண்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான் வாழ்க்கையில் ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்தியிருந்தார்கள். ஆண்களில் அது 57 விழுக்காடு. இணையத்துக்குள் நுழையவே முடியாத பெண்கள் இத்தனை பேர் இருக்கும் நாட்டில், பெண்ணிடமிருந்து போனை வாங்குவதற்குக் கிடைக்கும் எந்தப் புதுக் காரணத்தையும் ஒருமுறை திருப்பிப் பார்ப்பது நம் கடமை.

*

இனி ஆண்டையைப் பார்ப்போம். பழைய இணையப் பக்கங்களுக்கு அடி இருந்தது. கீழே வந்ததும் ‘அடுத்த பக்கம்’ என்று அழுத்த வேண்டும். அந்த ஒரு நொடியில் போதும் என்று எழுந்துவிட வழி இருந்தது. 2006இல் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் முடிவில்லாமல் உருண்டுகொண்டே வரும் பக்கத்தை உருவாக்கினார். பின்னாளில் அதற்காக அவரே பகிரங்கமாக வருந்தினார். சூதாட்ட இயந்திரம் எப்போது காசு கொட்டும் என்று தெரியாததால்தான் மனிதர் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அடுத்த ரீல்ஸ் சிரிப்பாக இருக்குமா, சலிப்பாக இருக்குமா என்று தெரியாததால்தான் விரல் தள்ளுகிறது. எப்போதும் கிடைக்கும் வெகுமதியைவிட எப்போதாவது கிடைக்கும் வெகுமதியே பழக்கத்தை ஆழமாக்கும் என்பது ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் சோதித்த காலத்திலிருந்தே தெரிந்த உண்மை.

தெரிந்தே செய்தார்களா என்பது ஒழுக்கத்தின் மையக் கேள்வி. 2021இல் ஃபேஸ்புக் நிறுவனத்தின் முன்னாள் ஊழியர் ஃபிரான்சஸ் ஹாகன் அதன் உள் ஆவணங்களை வெளிக்கொண்டுவந்தார். தங்கள் உடலைப் பற்றி ஏற்கெனவே வருந்திக்கொண்டிருந்த பதின்பருவப் பெண்களில் 32 விழுக்காட்டினர், இன்ஸ்டாகிராம் அந்த வருத்தத்தைக் கூட்டியதாகச் சொல்லியிருந்தார்கள். நிறுவனத்தின் சொந்த ஆய்விலேயே இது இருந்தது. 2023 அக்டோபரில் அமெரிக்காவின் 40க்கும் மேற்பட்ட மாநிலங்கள், சிறுவர்களைக் கட்டிப்போடும் அம்சங்களைத் தெரிந்தே வடிவமைத்ததாகக் குற்றம்சாட்டி அந்த நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தன. நிறுவனம் அதை மறுக்கிறது.

ஒருவரின் பலவீனத்தை அறியாமல் இடறிவிடுவது வேறு. அறிந்தபின் அந்த இடத்திலேயே குழி வெட்டுவது வேறு. பதினாறு வயதில் நிறுத்து என்று சொல்லும் பகுதி முழுதாக முதிரவில்லை என்பது மூளை அறிவியலின் முடிவு என்றால், அது முதலில் யார் தலையில் பொறுப்பை ஏற்றுகிறது? அந்த முதிராமையைப் பணமாக்குகிறவர் தலையில்தானே? 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதைப் புரிந்துவைத்திருக்கிறது. வயது நிரம்பாத பிள்ளையோடு போட்ட ஒப்பந்தம் செல்லாது. வட்டிக்காரர் ஒருவர் பதினாறு வயதுப் பெண்ணிடம் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினால் நாம் வட்டிக்காரரைத்தான் கேட்போம். அதே பெண் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்தித் தன் இரவுகளை எழுதிக்கொடுத்தால் அவள் மூளையைப் படம் எடுக்கிறோம்.

2023இல் வந்த நம் நாட்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பாதி வழி வந்திருக்கிறது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களின் நடத்தையைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் அது தடுக்கிறது. இது ஆண்டையின் கையைப் பிடிப்பது. இன்னொரு பாதி, பதினெட்டு வயது வரை பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. நடைமுறையில் அந்த ஒப்புதல் பல வீடுகளில் அப்பாவின் ஒப்புதல். பதினேழு வயதுப் பெண் தன் உடலைப் பற்றி, வீட்டில் நடக்கும் அடியைப் பற்றி, கல்யாணத்தை எப்படித் தள்ளிப்போடுவது என்பதைப் பற்றிக் கேட்க ஓர் இடம் தேடும்போது, அதன் வாசலில் அப்பாவே நிற்பார். பீரோ சாவி அத்தானின் சட்டைப் பையில் இருந்தது எனக்கு நினைவுக்கு வருகிறது. பூட்டினால் அடிமைத்தனம் முடிவதில்லை. சில சமயம் ஆண்டை மாறுகிறார், அவ்வளவே.

*

அவள் போனிடம் ஏன் போனாள் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தேன்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. ஆன்லைன் வகுப்புக்காகக் கடன் வாங்கி அக்கா அந்தப் போனை வாங்கினாள். வீட்டுக்குள் அது வந்தது படிப்பின் பெயரால். அந்த ஆண்டே அவள் பெரியவளானாள். ஊரடங்கு தளர்ந்து தெருப் பையன்கள் மறுபடி கிரிக்கெட் மட்டையோடு இறங்கியபோது அவளை அனுப்பவில்லை. அதற்குமுன் அவள் அந்தத் தெருவில் நன்றாகவே பந்து வீசுவாள். ஊரடங்கு அவள் அண்ணனுக்கு முடிந்துவிட்டது, அவளுக்கு முடியவில்லை.

2022இல் பிரிட்டனில் பல்லாயிரம் பேரின் தகவல்களைக் கொண்டு வெளியான ஆய்வு ஒன்று, சமூக ஊடகப் பயன்பாடு கூடுவதும் ஓராண்டுக்குப் பின் வாழ்க்கை நிறைவு குறைவதும் எந்த வயதில் சேர்ந்து வருகின்றன என்று பார்த்தது. பெண்களுக்கு 11 முதல் 13. ஆண்களுக்கு 14, 15. பிறகு இருபாலருக்கும் 19. பருவமடையும் வயதோடு தொடர்பிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். அவர்கள் பிரிட்டனைப் பற்றிப் பேசுகிறார்கள். நம் வீடுகளில் அந்த வயதுக்கு இன்னொரு பொருளும் உண்டு. தெரு மூடப்படும் வயது அது. சைக்கிள் மூலையில் சாய்த்துவைக்கப்படும் வயது. அமெரிக்க ஆய்வாளர் டானா பாய்ட் 2014இல் எழுதிய நூலில், பதின்பருவத்தினர் கருவியைத் தேடிப் போவதில்லை, ஒருவரையொருவர் தேடிப் போகிறார்கள், சந்திக்க வெளியில் இடமில்லாததால் திரைக்குள் சந்திக்கிறார்கள் என்று வாதிட்டார். எங்கள் வீட்டுக்கு அது அப்படியே பொருந்துகிறது. தெருவைப் பூட்டிவிட்டுப் போனைத் திறந்து கொடுத்தோம். பிறகு போனையும் பூட்டினோம்.

இன்னொன்றும் உண்டு. தமிழில் ‘கவனி’ என்ற ஒரே சொல்லுக்கு மனத்தை ஊன்றிப் பார் என்றும் பொருள், பேணிக் காப்பாற்று என்றும் பொருள். பாடத்தைக் கவனி, பாட்டியைக் கவனி. பெண்ணின் கவனம் சின்ன வயதிலேயே மற்றவர்களுக்கென்று எழுதிவைக்கப்படுகிறது. பால் பொங்குகிறதா, தம்பி அழுகிறானா, அப்பா வந்துவிட்டாரா என்று ஒரு காது எப்போதும் வெளியே இருக்க வேண்டும். 2019இல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி ஊதியமில்லாத வீட்டு வேலைக்கு அதில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறாள். ஆண் 97 நிமிடம். இந்த வீட்டில் ஒரு பெண் சுவரைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தால், “என்னடி சும்மா உக்காந்திருக்க?” என்று குரல் வரும். ஓய்ந்திருக்கும்போது இயங்கும் மூளையின் வலைப்பின்னலைப் பற்றிப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது இதுதான்: நம் பெண்களுக்கு அது இயங்க நேரம் எங்கே? இரவு எல்லாரும் படுத்தபின் கிடைக்கும் இரண்டு மணி நேரம்தான் அவளுடையது. அந்த நேரத்தையும் போன் தின்றுவிடுகிறது என்பதுதான் கொடுமை. அவளுக்கென்று இருந்த ஒரே துண்டு நிலத்தை வந்து வளைத்துக்கொண்டது போல.

அதனால்தான் ‘அவள் சுதந்திரம், விட்டுவிடுங்கள்’ என்று சொல்லிவிட்டு நகர என்னால் முடியவில்லை. ரீல்ஸ் அவளுக்கு விடுதலை தரவில்லை. நிறம் வெளுக்கும் க்ரீமும், இடுப்பு மெலியும் பயிற்சியும், பொறுமையான மருமகளின் நகைச்சுவையும்தான் அவள் முன்னால் உருண்டுகொண்டிருந்தன. வீடு கேட்ட அதே பெண்ணைத்தான் திரையும் கேட்டது.

*

“மூளை முதிரட்டும், அப்புறம் சுதந்திரம்” என்று நல்ல மனத்தோடு சொல்பவர்கள் உண்டு. முன்மூளை முதிர இருபத்தைந்து ஆகும் என்றால் பதினெட்டில் வாக்குரிமை எப்படி? இருபதில் மகனுக்கு பைக் எப்படி? முதிராத மூளை என்ற காரணம் எப்போதும் பெண்ணிடம் மட்டும் வந்து நிற்பது ஏன்? அதைவிட ஆழமான பதில் அந்த அறிவியலுக்குள்ளேயே இருக்கிறது. பதின்பருவத்தில் மூளை தன் இணைப்புகளைக் கத்தரித்துக்கொள்கிறது. பழகிய பாதைகள் வலுப்படுகின்றன, பழகாதவை பெரும்பாலும் உதிர்கின்றன. அப்படியென்றால் தானே நிறுத்திப் பழகாத பிள்ளைக்கு நிறுத்தும் திறன் எங்கிருந்து வரும்? வேறொருவர் கையில் சாவி இருக்கும்வரை அவள் பழகுவது ஒளிப்பதற்கு மட்டும்தான். சுதந்திரம் முதிர்ந்தபின் கிடைக்கும் பரிசு என்றால் யாரும் முதிரவே மாட்டோம். அதில் பழகித்தான் முதிர வேண்டியிருக்கிறது. பழகும்போது விழுவாள். விழும்போது பக்கத்தில் ஆள் வேண்டும். அவளைத் தனியாக விடுவதும் தவறு, பூட்டுவதும் தவறு என்று நான் சொல்வது இந்தப் பொருளில்தான்.

அக்காவிடம் இதையெல்லாம் இப்படிச் சொல்ல முடியாது. காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பதரை வரை நின்றுகொண்டே சேலை பிரித்துப் போடுகிறவள் அவள். பிள்ளை கெட்டால் ஊர் அவளைத்தான் கேட்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கூட்டத்திலும் அப்படித்தானே சொன்னார்கள்? அப்பாக்களைப் பார்த்து யாரும் எதுவும் சொல்லவில்லை. பூட்டு அவளுடைய பயத்தின் வடிவம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வீட்டில் இருந்தபோது பேசினோம். அக்கா மகளே ஒரு யோசனை சொன்னாள். ராத்திரி பத்து மணிக்கு வீட்டில் உள்ள எல்லாப் போன்களும் அடுப்படி அலமாரியில் இருக்க வேண்டும். எல்லாம் என்றால் எல்லாம். அவளுடையது, அம்மாவுடையது, அண்ணனுடையது, அப்பாவுடையது. பூட்டு வேண்டாம். அண்ணன் முதலில் சிரித்தான், பிறகு முறைத்தான். அத்தான், “எனக்கு வேலை விஷயமா கால் வரும்” என்றார். “பெல்லு அடிச்சா அடுப்படியில வந்து பேசுங்கப்பா” என்றாள் அவள். அக்கா வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சாயங்காலம் ஒரு மணி நேரம் அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போகலாம் என்பதும் அன்றைய பேச்சில் முடிவானது. அதற்குத்தான் போனைவிட அதிக நேரம் வாதாட வேண்டியிருந்தது.

முதல் வாரத்தில் அலமாரியிலிருந்து இரவில் காணாமல் போன போன்கள் இரண்டு. ஒன்று அண்ணனுடையது. இன்னொன்று அத்தானுடையது. மூன்றாவது வாரம் அவளுடையதும் ஒரு நாள் காணவில்லை. மறுநாள் அவளே சொன்னாள்: “நேத்து எடுத்துட்டேன் சித்தி. ஒரு மணி வரைக்கும் பாத்தேன். அப்புறம் நானே கொண்டுபோய் வெச்சுட்டேன்.” அதை அவள் பெருமையாகவும் சொல்லவில்லை, வெட்கப்பட்டும் சொல்லவில்லை.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அத்தானைப் போகச் சொல்லியிருக்கிறோம்.